நாப்பது சங்குசக்கரக் கிளிப்பு

இடிக்குதுங்களாக்கா? இருங்க, பையை மடியில வெச்சுக்கறேன். கனமெல்லாம் இல்லீங்க, தூக்கிப் பாத்தீங்கன்னா தலகாணியாட்டம்தான் இருக்கும். நசுங்கிரக் கூடாதுன்னுதான் பஸ்ஸுல மேல கம்பியில வெக்காம கையிலயே புடிச்சுட்டு வர்றேன். காலையில போறப்பவும் இப்படித்தான் கொண்டுபோனேன், அந்தப் பழக்கத்துல இப்பவும் புடிச்சுட்டு உக்காந்துருக்கறேன். இனி நசுங்குனாத்தான் என்ன.

உள்ளயா? கிளிப்புங்க. கொழந்தைங்க தலையில குத்தற கிளிப்பு. நாப்பது இருக்குது. பாருங்க, எடுத்தே பாருங்க. சங்குசக்கரம். தீவாளிக்குத் தரையில பத்த வெச்சாச் சுத்துமே, அதேதான்.

இல்லீங்க, விக்கறதுக்கு இல்ல. நானே பண்ணுனது. அம்புட்டும் வேஸ்ட்டுத் துணிங்க. நான் பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்கறேன். தச்சு வர்ற துணியில ஓட்டை இருக்குதா, தையல் விட்டுருக்குதான்னு பாத்துப் பாத்துத் தள்ளற வேலை. கட்டிங் டேபிளுக்கு அடியில துண்டுத் துணி குமிஞ்சு கெடக்கும். கட்டிங் மாஸ்டர் பழனிவேலண்ணன் நல்ல மனுசன். "மைனாவதி, உனக்கு வேணுங்கறதை எடுத்துக்க, அப்பறந்தான் மூட்டை கட்டுவேன்"ம்பாரு. பனியன் கழுத்துக்கு வெக்கற துணி இருக்குதில்லீங்க, இழுத்தா நீளுமே, அதை வெரல் அகலத்துக்கு வெட்டி, ரெண்டு முனையும் புடிச்சு ஒரு இழு இழுத்தா தானாச் சுருண்டு கயிறாயிரும். செவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் மூணையும் சேத்துச் சுத்திட்டே வந்தா இந்த வட்டம் வந்துரும். அடியில பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. நடுவுல ஒரு சமிக்கி. ஓரத்துல பொறி பறக்கற மாதிரி மினுங்குது பாருங்க, அது ஜரிகை. என்ர கல்யாணச் சேலை பார்டருங்க.

ஆமாங்க, வெட்டிட்டேன். எதுக்கு இனி அது? பொட்டிக்குள்ள கெடந்து பாச்சை உருண்டை வாசம் புடிக்கறதுக்கா? நாப்பது கிளிப்புக்கு வேணும்ல.

எம்புள்ளைக்குப் பண்ணுனதுங்க. மிதுனான்னு பேரு. மூணாவது படிக்கறா. ஈரோட்டுல அவங்கப்பன் வீட்டுல இருக்கறா. நான் செங்கப்பள்ளியில இருக்கறேன். மாசத்துல மொத சனிக்கெழமை பத்துலருந்து பன்னெண்டு மணி வரைக்கும் அவளை நான் பாக்கலாம். கோர்ட்டுல அதுக்குன்னே ஒரு ரூம் வெச்சுருக்கறாங்க. செவுத்துல மொசலு, யானை எல்லாம் வரைஞ்சு, தரையில பாய் போட்டு, ஒரு கூடையில பொம்மை போட்டு வெச்சுருப்பாங்க. ஒரு மேடம் மேசை போட்டு உக்காந்துருப்பாங்க. வந்ததும் கையெழுத்து, போறப்பவும் கையெழுத்து. ரெண்டரை வருசமாச்சுங்க. ஒரு சனிக்கெழமை நான் தவறுனதில்ல. காய்ச்சல்ல கூடப் போயிருக்கறேன்.

நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு தெரியுதுங்க. பெத்தவ கிட்ட விடாம எப்படி அப்பன் கிட்ட விட்டாங்கன்னுதான? எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. அதுல என் தப்பு ஒண்ணுமில்ல. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும், ஈஸ்வரமூர்த்தின்னு பேரு, மஞ்சமண்டியில கணக்கெழுதறாரு, எங்க ரெண்டு பேருக்கும் ஆகல. நான் வேலைக்குப் போறேன்னேன், போகக் கூடாதுன்னாரு. பேச்சு வளந்து ஒருநாள் கை நீட்டிட்டாரு. ஒரே ஒரு அடிதான். ஆனா நான் அப்படி வளந்தவ இல்லீங்க. கட்டுன சேலையோட கெளம்பி எங்கண்ணன் வீட்டுக்கு வந்துட்டேன். மத்தியானம் சாப்புட்டுட்டு பாப்பா தூங்கிட்டு இருந்தா. அஞ்சு வயசு ஆகல அப்ப. தூங்கற கொழந்தையை எழுப்பி வெயில்ல இழுத்துட்டு வரணுமா? ஒரு வாரத்துல அவரு வந்து கூப்புடுவாரு, போயிரலாம்னுதான் விட்டுட்டு வந்தேன்.

அவரு வரல. நானும் போகல. எதுக்குப் போகணும்? அடிச்சது அவருதான? போனு பண்ணலாம்தான். பண்ணுனா எறங்கி வந்த மாதிரி ஆயிருமேன்னு இருந்துட்டேன். நாலு மாசம் ஆயிருச்சு. அதுக்குள்ள அவரு வக்கீல வெச்சுட்டாரு.

கோர்ட்டுல ஜட்ஜய்யா பாப்பாவை மட்டும் தனியா உள்ள கூப்புட்டுக் கேட்டாங்க, யாருகிட்ட இருக்கறே கண்ணுன்னு. அவ அப்பாகிட்டன்னும் சொல்லல, அம்மாகிட்டன்னும் சொல்லல. "அத்தைகிட்ட"ன்னு சொல்லியிருக்கறா. அத்தைங்கறது அவரோட அக்கா, சுலோச்சனா. கல்யாணமாகிப் புருசன் தவறிப் போயி அந்த வீட்டோட வந்து இருக்கறவங்க. அந்த வயசுப் புள்ளைக்கு என்னங்க தெரியும்? அன்னிக்குக் காலையில யாரு சோறு ஊட்டுனாங்களோ அவங்க பேரைச் சொல்லும். சொல்லிக் குடுத்துத்தான் கூட்டிட்டு வந்துருக்கறாங்க. இதெல்லாம் ஐயாவுக்குத் தெரியறதில்ல.

சரி, அது போகட்டும். கிளிப்புக்கு வர்றேன்.

மொத மாசம் போனப்ப அவளைப் பாத்ததும் நான் அழுதுட்டேன். மேசையில இருக்கற மேடம், "கொழந்தை முன்னாடி அழாதீங்கம்மா, அது பயந்துக்கும்"னாங்க. அடக்கிப் பாத்தேன். அந்த மூஞ்சியப் பாக்கப் பாக்கத் தாங்கல. அப்பத்தான் தலையப் பாத்தேன். எண்ணெயில்லாம பறட்டையாட்டம் கெடந்துச்சு. "திரும்பி உக்காரு கண்ணு, அம்மா சீவி விடறேன்"னேன். திரும்பி உக்காந்தா. பையில எப்பவும் சீப்பு இருக்கும் எனக்கு. சீவுனா, பேனு! ஈரு! ரெண்டு மணி நேரமும் பேன்தான் பாத்தேன். அவ மொசலு செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தா. எனக்கு அது நெம்ப வசதியாப் போச்சு. அவ முதுகு என் பக்கம் இருக்கறப்ப நான் எவ்வளவு அழுதாலும் அவளுக்குத் தெரியாது பாருங்க.

ஒருக்கா மட்டும் கேட்டா. "மா, தலையில தண்ணி சொட்டுது." எண்ணெய் கண்ணுன்னு சொல்லிட்டேன்.

அதுலருந்து ஒவ்வொரு மாசமும் அதேதான். வந்ததும், "திரும்பி உக்காரு கண்ணு." அவளும் பாயில வந்து உக்காந்துக்குவா. நான் தேங்காயெண்ணெய், சீப்பு, ரிப்பன் எல்லாம் கொண்டுபோயிருவேன். மொதல்ல சிக்கெடுத்து, எண்ணெய் வெச்சு, வகிடெடுத்து, ரெட்டை ஜடை. மடிச்சுக் கட்டுனா தோளைத் தொடும். இறுக்கமாத்தான் போடுவேன். நான் போட்டது நாலு நாளைக்காச்சும் கலையாம இருக்கணும்ல? மாசத்துல ஒரு நாள் போடறேன். வீட்டுக்குப் போனதும் கலைஞ்சிருச்சுன்னா நான் போனதுக்கு அடையாளம் என்ன இருக்குது?

அந்த அக்கா, சுலோச்சனா, ஒருநாள் வாசப்படியில வெச்சு சொல்றாங்க: "மைனா, கொஞ்சம் லேசாப் பின்னு. வீட்டுக்கு வந்தா தலை வலிக்குதுன்னு படுத்துக்கறா." எனக்குப் பத்திக்கிச்சு. பஞ்சாட்டம் சீவுவேங்க நான். பெத்தவ கை வலிக்குமா? நான் போட்ட ஜடையைப் பாத்தா அவங்களுக்கு எரியுது, அதான். ஆனா ஒண்ணு சொல்லணும், அந்தம்மா ஒரு மாசம் தவறுனதில்ல, கரெக்ட்டாப் பத்து மணிக்குக் கூட்டிட்டு வந்து விட்டுருவாங்க. வெளிய வேப்ப மரத்தடியில ரெண்டு மணி நேரமும் உக்காந்துருப்பாங்க. எனக்கு ஒரு டம்ளர் டீ கூட வாங்கி உள்ள குடுத்துவிடுவாங்க. எல்லாம் மேடம் பாக்கணும்னு பண்றது. நடிப்புங்க.

கிளிப்புப் பண்ண ஆரம்பிச்சது போன வருசம் கார்த்திகைக்கு. வெல்வெட்டுத் துண்டு கெடைச்சுது, வெளக்காட்டம் வெட்டி, சுடருக்கு மஞ்சத் துணி வெச்சு, ரப்பர் பேண்டுல தச்சுக் கொண்டுபோனேன். ஜடையில போட்டுவிட்டுக் கண்ணாடியில காமிச்சேன். "நல்லாருக்கா?"ன்னேன். "ம்"ன்னா. கிறிஸ்மஸுக்கு நட்சத்திரம். அவ பள்ளிக்கூடத்துல கிறிஸ்மஸ் விழா நடத்துவாங்க. பொங்கலுக்குக் கரும்பு. பச்சைக் கயிறும் ஊதாக் கயிறும் சேத்து முறுக்கி, கணு கணுவா நூலுக் கட்டி, மேல சோகை மாதிரி நறுக்கிவிட்டு, அடேயப்பா, கம்பெனியில எல்லாப் பொம்பளைங்களும் கையில வாங்கிப் பாத்தாங்க. எனக்கு அதுல ஒரு ருசி வந்துருச்சுங்க. எந்தத் துணியப் பாத்தாலும் இது என்னத்துக்கு ஆகும், இது அவ தலையில எப்படி இருக்கும்னுதான் தோணும். செக்கிங்ல ரெண்டு பீஸ் ஓட்டையோட விட்டுட்டு சூப்பர்வைசர் கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அந்தக் கரும்பைப் போட்டுட்டுப் பள்ளிக்கூடம் போயிருக்கறா. அடுத்த மாசம் சீவிட்டு இருக்கறப்ப செவுத்தைப் பாத்துக்கிட்டே சொல்றா: "மா, கரும்புல பின்னாடி லேபிள் இருந்துச்சு. தனியாத் துவைக்கவும்னு இங்கிலீஷ்ல இருந்துச்சு. எல்லாரும் படிச்சுட்டாங்க."

"படிச்சா என்ன கண்ணு?"

"என்னைத் தனியாத் துவைங்கறாங்க. என் பேரே அதுன்னு ஆயிருச்சு."

எனக்குச் சங்கடமாப் போச்சு. தச்சுக் கழிச்ச பனியன்ல வெட்டுன துணி அது. "லேபிளை அம்மா பாக்கல சாமி, இனிமே எடுத்துட்டுத் தைக்கறேன்"னு சொன்னேன். அதுலருந்து ஒரு பீஸுல லேபிள் இருக்காது. பாருங்க, இந்த நாப்பதுலயும் தேடிப் பாருங்க, ஒண்ணு இருக்காது. ஆனாலும் அவ அதுக்கப்பறம் ஒரு கிளிப்பும் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுட்டுப் போகலியாம். ஏன்னு யோசிச்சு யோசிச்சு எனக்கே ஒரு வழி தோணுச்சுங்க. அவ ஒருத்தி மட்டும் போட்டுட்டுப் போனாத்தான கேலி பண்ணுவாங்க? கிளாஸ்ல இருக்கற பொம்பளப் புள்ளைங்க அத்தனை பேருக்கும் பண்ணிக் குடுத்துட்டா? எல்லாரு தலையிலயும் சங்குசக்கரம் இருந்தா யாரு யாரைக் கேலி பண்ணுவாங்க?

அதுதாங்க நாப்பது. அவ கிளாஸ்ல மொத்தம் முப்பத்தாறு பொம்பளப் புள்ளைங்க. மிச்சம் நாலு, டீச்சருக்குப் பொம்பளப் புள்ளை இருந்தா குடுக்கலாம்னு. ரெண்டு மாசமாப் பண்ணுனேன். வெரலைப் பாருங்க, பசை காஞ்சு காஞ்சு தோலு உரிஞ்சு கெடக்குது.

இன்னொண்ணும் இருக்குது. இந்தத் தீவாளிக்கு ஒரே ஒரு நாள் என்கூட அவளை விடச் சொல்லி வக்கீலம்மா மூலமாக் கேட்டுருந்தேன். கொழந்தை வர்றேன்னு சொன்னாக் கூட்டிட்டுப் போகலாம்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்துட்டாங்க. அவங்கப்பனும் ஒண்ணும் சொல்லலியாம். அவ மேடம் முன்னாடி, "போறேன்"னு ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான். அண்ணன் வீட்டுல சொல்லி ஒரு ரூமை ஒதுக்கி, வெள்ளையடிச்சு வெச்சுருக்கறேன். பட்டுப்பாவாடை எடுத்தாச்சு. சீயக்கா அரைச்சு வாங்கியாச்சு. இன்னிக்குக் காலையில அஞ்சரை பஸ்ஸைப் புடிச்சுப் போயிட்டேன். கோர்ட்டுக் கதவே தெறக்கல.

பத்து மணிக்கு வந்தாங்க. அவங்கத்தை ஸ்கூட்டர்ல பின்னாடி உக்காந்து வர்றா. எனக்கு யாரோ பையன் வர்றான்னு பட்டுச்சு. எறங்கித் திரும்புனப்பப் பாத்தா அவ.

முடியை வெட்டியிருக்குதுங்க! காதுக்கு மேல! பின்னாடி கழுத்துல மிஷின் வெச்சு வழிச்சாச்சு. ரெண்டரை வருசமா நான் எண்ணெய் ஊத்தி வளத்த முடி. எனக்கு என்னாச்சுன்னே தெரியல, அந்தம்மாவைப் பாத்துக் கத்திட்டேன். "இதுக்குத்தான வந்து சேந்தீங்க? எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான, அதையும் அறுத்துட்டீங்களா?"ன்னு. மேடம் எந்திரிச்சு வந்துட்டாங்க. அந்தம்மா தலையக் குனிஞ்சுட்டு நின்னாங்க. பாப்பாதான் சொன்னா.

"நாந்தாம்மா வெட்டச் சொன்னேன். அத்தை வேண்டாம்னாங்க. நான் சோறு திங்காம இருந்து வெட்டிக்கிட்டேன்."

"ஏஞ் சாமி? பேனா? பேன் இருந்தா அம்மா எடுக்க மாட்டனா?"

"பேனெல்லாம் இல்ல."

"அப்பறம் என்னத்துக்கு?"

அவ உள்ள போயிட்டா. போயி, பாயில உக்காந்தா. எப்பவும் செவுத்தைப் பாத்து உக்காருவாளா, இன்னிக்கு என்னைப் பாத்து உக்காந்தா. சம்மணம் போட்டு, கையை மடியில வெச்சுக்கிட்டு, பரீட்சைக்கு வந்த மாதிரி. "உக்காரும்மா. இன்னிக்குச் சீவ வேண்டாம்ல"ங்கறா.

இதெல்லாம் எட்டு வயசுப் புள்ளைக்குத் தானா வர்ற பேச்சுங்களா? நீங்களே சொல்லுங்க. சொல்லிக் குடுத்துருக்கறாங்க.

உக்காந்தேன். கையை எங்க வெக்கறதுன்னு தெரியலீங்க. பையில எண்ணெய்ப் பாட்டிலு, சீப்பு, ரிப்பன். சும்மா அதை எடுக்கறேன், வெக்கறேன். அவ என்னையே பாத்துட்டு இருக்கறா. அவளுக்கு மேல்பல்லு ரெண்டு பெருசா மொளைச்சுருக்குது, எப்ப வந்துச்சுன்னே எனக்குத் தெரியல. கேட்டேன். "அது போன வருசமே வந்துருச்சு"ன்னா.

சரின்னு கிளிப்பெல்லாம் எடுத்துப் பாயில பரப்புனேன். நாப்பதும். பாக்கறதுக்குப் பட்டாசுக் கடையாட்டம் இருந்துச்சு, மேடமே எட்டிப் பாத்து, "அய்யோ, என்ன அழகா இருக்குது"ன்னாங்க. கிளாஸுல எல்லாருக்கும் கண்ணு, இனிமே யாரும் உன்னையக் கேலி பண்ண மாட்டாங்கன்னு சொன்னேன். அவ ஒண்ணை எடுத்து உருட்டி உருட்டிப் பாத்தா. பின்னாடியும் திருப்பிப் பாத்தா. வெச்சுட்டா.

"இதையெல்லாம் நீ எப்ப பண்ணுவே?"

"வேலை விட்டு வந்துதான் கண்ணு."

"என்ன வேலைம்மா நீ பாக்கறே?"

பாருங்க, அதுகூடத் தெரியல அவளுக்கு! அந்த வீட்டுல என்னையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தாத் தெரிஞ்சுருக்கும்ல? செக்கிங்னு சொன்னேன். அப்பிடின்னா என்னன்னா. ஓட்டை பாக்கறதுன்னேன். ஒரு நாளைக்கு எத்தனை ஓட்டைங்கறா. மத்தியானம் என்ன சாப்புடுவே? உன் பக்கத்துல யாரு உக்காருவா? நீ யாருகூடப் பேசுவே? ஒண்ணு மேல ஒண்ணாக் கேக்கறா. வக்கீலு கூண்டுல ஏத்திக் கேட்டப்பக்கூட நான் இப்பிடித் தெணறுனதில்லீங்க. ஒத்தை வார்த்தையில பதில் சொன்னேன். திருப்பி நான் என்ன கேக்கறதுன்னு தெரியல. "நல்லாப் படிக்கறயா?"ன்னேன். "ம்"ன்னா. "சாப்புடறயா?"ன்னேன். "ம்"ன்னா. மணியப் பாத்தேன், பத்தே முக்கால்தான் ஆயிருந்துச்சு. எனக்கு எப்பவும் அந்த ரெண்டு மணி நேரம் பத்தாதுங்க. இன்னிக்கு அது நகரவே மாட்டேங்குது.

தீவாளியப் பத்திக் கேட்டேன். "அம்மாகூட வர்றயா கண்ணு? ஒரே நாள்தான். நீ வர்றேன்னு மேடம்கிட்டச் சொன்னாப் போதும்."

"வந்தா என்ன பண்ணுவோம்?"

"காலையில நேரமா எந்திரிச்சு, அம்மா உனக்கு எண்ணெய் தேச்சு, சீயக்கா போட்டுத் தலைக்கு ஊத்தி, சாம்பிராணி போட்டு, காய வெச்சு, நல்லாச் சீவி…"

சொல்லிட்டு இருக்கறப்பவே அவ தலையப் பாத்தேன். அவளும் ஒரு கையை எடுத்துத் தலைய இப்பிடித் தடவிப் பாத்துக்கிட்டா.

"அப்பறம்?"ங்கறா.

அப்பறம்னா? அப்பறம் என்னங்க? பட்டாசு வெடிப்போம், பலகாரம் திம்போம்னு சொல்லியிருக்கலாம். இப்பத்தான் தோணுது. அவ காத்துட்டு இருந்தா. நெம்ப நேரம் காத்துட்டு இருந்தா. அப்பறம் பெரிய மனுசி மாதிரி, "நான் இந்தத் தீவாளிக்கு வரலம்மா. அடுத்த மாசம் இங்கயே பாக்கலாம்"னா. மேடம் கேட்டப்பவும் அதையேதான் சொன்னா. கொழந்தை வரலைன்னு எழுதி மேடம் என்கிட்ட நோட்டைத் தள்ளுனாங்க. கையெழுத்துப் போட்டேன். வேற என்ன பண்றது? இழுத்துட்டா வர முடியும்?

எனக்கு வெசனம் தாங்கல. அவ முன்னாடியே அழுதுட்டேன். திருப்பி உக்கார வெக்கறதுக்கும் வழியில்ல. மூஞ்சியத் தொடைச்சுத் தொடைச்சுப் பாக்கறேன், நிக்கவே மாட்டேங்குது. அவ பயந்துருவான்னு மேடம் சொன்னாங்கள்ல? பயப்படலீங்க. கொஞ்சம் முன்னாடி நகந்து வந்தா. என் மொகத்துக்கு நேரா மொகத்தைக் கொண்டுவந்து உத்துப் பாக்கறா. பாத்துட்டு என்ன சொன்னா தெரியுங்களா?

"மா, உனக்குக் கண்ணுக்குக் கீழ ஒரு மச்சம் இருக்குது."

எப்பிடிச் சொல்றா பாருங்க. நான் அழுதுட்டு இருக்கறேன், அவளுக்கு மச்சம். இது என்ன இன்னிக்கா வந்துச்சு? பொறந்ததுலருந்து இருக்கற மச்சம். ரெண்டரை வருசமா மாசம் தவறாம வந்து என்கிட்ட உக்காந்துட்டுப் போறவ, இன்னிக்குத்தான் பாத்தாளாம். அந்த வீட்டுல புள்ளையை எப்பிடி வளத்து வெச்சுருக்கறாங்கன்னு பாத்துக்கங்க. பெத்தவ மொகமே தெரியாம வளத்துருக்கறாங்க.

அதைத் தொட்டுப் பாக்கட்டான்னா. தொட்டா. அவ வெரலு அவ்வளவு சூடா இருந்துச்சுங்க.

அந்த நேரத்துல எனக்கு என்ன தோணுச்சோ, ஒரு கிளிப்பை எடுத்து அவ நெத்திக்கு மேல இருந்த முடியில குத்திப் பாத்தேன். நிக்கல, வழுக்கிக் கீழ விழுந்துருச்சு. எடுத்து இன்னொருக்காக் குத்துனேன். விழுந்துச்சு. ஒவ்வொருக்காவும் அவதான் எடுத்து என் கையில குடுத்தா. அப்பறம் குடுக்கறதை நிறுத்திட்டு, பரப்பி வெச்சுருந்த கிளிப்பெல்லாத்தையும் ஒண்ணொண்ணா எடுத்துப் பையில போட ஆரம்பிச்சுட்டா. ஒண்ணுமே கசங்காம, அடுக்கி அடுக்கி. முடிச்சுட்டுப் பையை என் மடியில வெச்சா. மணி பன்னெண்டாயிருச்சு.

வெளிய வந்ததும் அந்தம்மா கையைப் புடிச்சுட்டுப் போயிட்டா. ஸ்கூட்டர்ல ஏறி உக்காந்து திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனா. முன்னல்லாம் அப்பிடித் திரும்பிப் பாக்க மாட்டா. என்னமோ பண்ணி அனுப்பியிருக்கறாங்க இந்தத் தடவை.

முடி அந்தளவுக்கு வளர எத்தனை மாசங்க ஆகும்? கிளிப்பு நிக்கற அளவுக்கு வந்தாப் போதும். ஆறு மாசம் ஆகுமா? ஆறு மாசம்னா ஆறு சனிக்கெழமை. அது ஆகட்டும், வளந்தாலும் அவ மறுக்காப் போயி வெட்டிக்குவாளோன்னு இருக்குது. வெட்டிக்குவா, அவ மொகத்தைப் பாத்தாத் தெரிஞ்சுச்சு.

உங்களுக்குப் பொம்பளப் புள்ளைங்களா, ஆம்பளப் புள்ளைங்களா? ரெண்டும் பொம்பளயா. கூடவே இருக்கறாங்கல்ல, நல்லா இருக்கட்டும். நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அதுங்க பள்ளிக்கூடம் விட்டு வந்து உங்க முன்னாடி உக்காந்தா நீங்க என்ன பேசுவீங்க? மொதல்ல என்ன கேப்பீங்க? அதுக்கு அது 'ம்'ன்னு சொல்லிருச்சுன்னா அதுக்கப்பறம் என்ன கேப்பீங்க? சிரிக்காதீங்கக்கா, நெசமாத்தான் கேக்கறேன். அடுத்த மாசமும் அவ இப்பிடியே வந்து நேரா உக்காந்துக்கிட்டான்னா? ரெண்டு மணி நேரமுங்க. மொகத்தைப் பாத்துட்டே.

விஜயமங்கலம்தான் வந்துருக்குது, நான் செங்கப்பள்ளியில எறங்கணும். இன்னும் நேரம் இருக்குது. ஒண்ணு ரெண்டு சொல்லுங்க, ஞாபகம் வெச்சுக்கறேன்.